இரண்டாயிரத்துப் பதினைந்தின் பட்டியல்

கந்தசாமி சார் யாருக்கும் சும்மா ஒரு மார்க் போட்டதில்லை. அரை மார்க்கும் போட்டதில்லை. எங்கள் கல்லூரியில் புள்ளியியல் துறை என்றாலே பிள்ளைகள் பின்வாங்குவதற்குப் பாடம் காரணமில்லை, அந்த மனிதர்தான் காரணம். முப்பத்து மூன்று வருடம் அங்கே இருந்தவர். அதில் இருபத்தாறு வருடம், பரீட்சைப் பிரிவில் உட்கார்ந்து, அவர் அனுப்பிய மார்க் ஷீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். மற்ற துறைகளின் ஷீட் வந்தால் கல்யாணப் பத்திரிகை வந்த மாதிரி இருக்கும், எல்லாம் மங்களகரமாக. இவருடையது வந்தால் யார் வீட்டிலோ யாருக்கோ உடம்பு சரியில்லை என்று தோன்றும்.

என் பெயர் அனீசா. பரீட்சைப் பிரிவின் சூப்பரின்டென்டென்ட். என் அத்தா பள்ளப்பட்டியிலிருந்து வந்து பூனா கேம்ப்பில் கடை போட்டவர். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். கந்தசாமி சார் கோயம்புத்தூர்ப் பக்கம். முதல் நாலு வருடம் நாங்கள் இரண்டு பேரும் மராத்தியிலும் அரைகுறை ஆங்கிலத்திலும்தான் பேசிக்கொண்டோம். ஒருநாள் ரிசல்ட் நேரத்தில் பிரின்டர் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றது. நான் அதை எங்கள் வீட்டுத் தமிழில் காது கூசும்படி திட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "நீங்க நம்ம பக்கமுங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் இவர். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. அவர் மட்டும் எதுவும் காதில் விழாதது போல ஷீட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தினமும் மூன்றே முக்காலுக்கு எங்கள் பிரிவில்தான் அவருக்கு டீ.

அவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதுதான் உண்மை. துறையில் இன்னொரு ஆசிரியர் இருந்தார், ஓய்வு பெற்றார், அந்த இடம் நிரப்பப்படவில்லை. ஸ்டாஃப் ரூமில் இவர் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அதற்கும் காரணம் உண்டு. ஒரு கூட்டத்தில் வணிக மேலாண்மைத் துறைக்காரர்கள் தங்கள் வகுப்பில் அறுபதில் நாற்பத்தொரு பேர் பத்துக்கு ஒன்பதரைக்கு மேல் என்று பெருமையாகச் சொன்னபோது, இவர் எழுந்து, "மீதிப் பத்தொம்பது பேரு என்ன பாவம் பண்ணினாங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கிண்டல் என்று நினைத்து சிலர் சிரித்தார்கள். அவர் நிஜமாகவே கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன்.

வீடு சிஞ்ச்வட்டில். ஒரு ஹவுசிங் சொசைட்டியில் மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை ஃபிளாட். சிவாஜிநகரிலிருந்து லோக்கல் ரயிலில் போவார், லோக்கலில் வருவார். மனைவி கனகவல்லி, மகள் கிருஷ்ணப்ரியாவின் பேறுகாலத்துக்கென்று சென்னை போனவர். குழந்தைக்கு இப்போது மூன்று வயது. அந்த அம்மா இன்னும் திரும்பவில்லை. கோபித்துக்கொண்டு போகவில்லை, சண்டையில்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மூன்று வருடம் மூன்று வருடம்தானே.

தினமும் நாலு மணிக்கு அந்த அம்மாவின் போன் வரும். சாருக்கு வலது காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அதனால் எங்கள் பிரிவு முழுக்க அந்தப் பேச்சு மனப்பாடம்.

"ஏனுங்க, சாப்டீங்களா?"

"சாப்ட்டனுங்க. பாப்பா என்ன பண்ணுது?"

"தூங்குதுங்க."

"பிரியா இருக்கறாளா?"

"மீட்டிங்ல இருக்கறாளுங்க."

அந்தப் பெண்ணுக்கு அத்தனை மீட்டிங் இருந்தால் கம்பெனி எப்போதோ உருப்பட்டிருக்கும். மகள் அப்பாவோடு பேசுவதில்லை. கல்யாணத்தில் பேசினாள், தாத்தா இறந்தபோது பேசினாள். மற்றபடி பத்து வருடமாக மீட்டிங்தான்.

காரணம் எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் காகிதங்கள் என் அலமாரியில்தான் இருந்தன. எங்கள் கல்லூரியை நடத்தும் டிரஸ்ட், வருடத்துக்கு ஒரே ஒரு மாணவருக்கு மேல்படிப்பு முழுவதற்கும் உதவித்தொகை கொடுக்கும். எல்லாத் துறைகளையும் சேர்த்து முதல் ரேங்க் யாரோ அவருக்கு. 2015இல் கிருஷ்ணப்ரியா புள்ளியியல் மூன்றாம் வருடம். அப்பா இருக்கும் அதே துறை. படிப்பில் புலி. கல்கத்தாவுக்குப் போய்ப் படிக்க வேண்டும், பிறகு வெளிநாட்டில் ஆராய்ச்சி, எல்லாம் திட்டம் போட்டு வைத்திருந்தாள். பட்டியல் வந்தபோது அவள் ஏழாவது. முதல் இடம் வேறொரு துறைக்குப் போனது, அங்கே ஒன்பதுக்குக் கீழே மார்க் போட்டால் ஆசிரியருக்குக் கை வலிக்கும் போலிருக்கிறது. அவள் ஹடப்சரில் ஒரு ஐடி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு கல்யாணம், சென்னை.

அதோடு அந்த ஜர்னல். இங்கே செய்முறைப் பாடத்துக்கு ஒரு நோட்டு உண்டு, ஜர்னல் என்போம். வருடம் முழுக்கச் செய்ததை எழுதி, குறித்த தேதிக்குள் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லாத ஜர்னலுக்குப் பத்துக்கு சைபர். அந்தத் தேதியில் கனகவல்லி அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். கிருஷ்ணப்ரியா ஆஸ்பத்திரியில் இருந்தாள், மறுநாள் ஜர்னலைக் கொண்டுவந்தாள். சாரும் அதே ஆஸ்பத்திரியில், அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. மற்ற பிள்ளைகள் தாமதமாக வந்தபோது போடவில்லை, மகளுக்கு மட்டும் எப்படிப் போடுவது என்றார். எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் ஒரு வாரம் அவருக்கு டீ கொடுக்கவில்லை.

இப்படியே போயிருக்கும். போன வருடம் முதல் இடத்துக்கு ஏழு பேர் பத்துக்குப் பத்து வாங்கி வந்து நின்றார்கள். ஏழு பேரும் மூன்று துறைகளிலிருந்து. டிரஸ்டில் ஒருவர் சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டாராம். பிரின்சிபால் வைஜயந்தி மேடம் அவமானத்தில் கொதித்துப்போய், இந்த ஜனவரியில் கந்தசாமி சாரைக் கூப்பிட்டார். மே மாதம் ஓய்வு பெறப்போகிறவர், யாருக்கும் வேண்டாதவர், அதனால் யார் பக்கமும் சாயாதவர். எல்லாத் துறைப் பிள்ளைகளையும் நியாயமாக ஒரே வரிசையில் நிறுத்த ஒரு வழி கண்டுபிடியுங்கள் என்றார்.

மனிதர் பத்து வயது குறைந்தது போல ஆனார். முதலில் ஒரு வழியோடு வந்தார்: ஒவ்வொருவரும் தன் துறையில் மற்றவர்களைவிட எவ்வளவு மேலே இருக்கிறார் என்று பார்த்தால் போதும் என்று. நான் கணக்கு தெரியாதவள்தான். ஆனாலும் கேட்டேன்.

"சார், அப்ப நல்ல பிள்ளைங்க நெறைய இருக்குற டிபார்ட்மென்ட்ல ஒருத்தன் இருந்தா அவன் செத்தான்ல? மந்தமான கூட்டத்துல நிக்கிறவன் ஹீரோ ஆயிடுவானே."

அவர் டீயைக் கீழே வைத்தார். "நீங்க சொல்றது சரிங்க அனீசாம்மா" என்றார். அந்தப் பதினாறு பக்கத்தையும் என் கண் முன்னால் குப்பைக்கூடையில் போட்டார். இந்தக் குணத்துக்காகத்தான் அவரை எனக்குப் பிடிக்கும்.

இரண்டாவது வழி எனக்கே புரிந்தது. எங்கள் கல்லூரியில் முதல் வருடத்தில் ஒரே பிள்ளை நாலைந்து துறைகளின் பேப்பர் எழுதும். ஆங்கிலமும் சுற்றுச்சூழலும் எல்லோருக்கும் பொது. ஒரே ஆள் இரண்டு மெடிக்கல் ஷாப் வாசலில் இருக்கும் எடை மிஷினில் ஏறி நின்றால், ஒன்று அறுபது காட்டுகிறது, இன்னொன்று அறுபத்து மூன்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எது சரி என்று தெரியாவிட்டாலும், இரண்டுக்கும் மூன்று கிலோ வித்தியாசம் என்பது தெரிந்துவிடும். அதே போல, ஒரே பிள்ளைகள் இந்தத் துறையில் என்ன வாங்கினார்கள், அந்தத் துறையில் என்ன வாங்கினார்கள் என்று ஆயிரம் பேருக்குப் பார்த்தால், எந்தத் துறை தாராளம், எது கஞ்சம், எவ்வளவு என்பது வெளியே வந்துவிடும். அந்த வித்தியாசத்தைக் கழித்தோ கூட்டியோ வரிசைப்படுத்த வேண்டியதுதான். கஞ்சத்தில் முதல் இடம் புள்ளியியல் துறைக்கு. அதை அவரே வாசித்துக் காட்டினார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

டிரஸ்ட் ஒத்துக்கொண்டது. ஒரே நிபந்தனை: கடந்த பத்து வருடப் பட்டியலில் இதை ஓட்டிப் பார்க்க வேண்டும், பழைய வருடங்களுக்கு வரும் புது முடிவுகளை வெளியிடக் கூடாது. சோதனை நடக்கப்போகிறது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம்.

பத்து வருடம் என்றால் 2024இல் தொடங்கி 2015 வரை. ஒன்பது வருடத்தை நாலே நாளில் முடித்தார். பத்தாவதைத் தொடவில்லை. ஒரு நாள் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்றார். ஒரு நாள் தலைவலி. இன்னொரு நாள் லோக்கல் லேட். இரண்டு வாரம் போயிற்று. வைஜயந்தி மேடம் என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அடுத்த புதன்கிழமை ஒரு காகிதத்தோடு வந்தார். இறுதிப் பரீட்சை எழுதும் மாணவர் ஆசிரியருக்கு உறவாக இருந்தால் அந்த ஆசிரியர் எழுதிக் கொடுக்க வேண்டிய படிவம் அது; வகுப்பு மார்க்குக்கும் ஜர்னலுக்கும் அது கிடையாது. உறவுமுறை: மகள். தேர்வு ஆண்டு: 2015. நான் இதிலிருந்து விலகிக்கொள்கிறேன். கீழே கையெழுத்து.

"சார், அந்தப் பொண்ணுக்கே கல்யாணம் ஆகி ஒரு புள்ளையும் ஆச்சு. இன்னும் எதுக்கு இந்த ஃபாரம்?"

"என் பொண்ணு இருக்கிற வருசமுங்க. நான் போடக் கூடாது. நீங்க போடுங்க."

போய் வராந்தாவில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஆசிரியருடைய பிள்ளையின் பேப்பர் திருத்தும்போது ஆசிரியர் அறைக்குள் இருக்கக் கூடாது என்பது விதி. ஆள் நடமாட்டமே இல்லாத வராந்தா, மார்ச் மாத வெயில், பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மனிதர். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

நான் பொத்தானை அமுக்கினேன். இரண்டு நிமிடத்தில் பட்டியல் வந்தது. அந்த வருடம் உதவித்தொகை வாங்கியவர் ஆறாவது இடத்துக்கு இறங்கியிருந்தார். கிருஷ்ணப்ரியா ஏழிலிருந்து மேலே ஏறியிருந்தாள், இரண்டாவது இடத்துக்கு. ஒன்பது புள்ளி ஒன்று பூஜ்யம். முதல் இடத்தில் ஜெனிபர் என்று ஒரு பெண், இயற்பியல். ஒன்பது புள்ளி மூன்று ஒன்று. பழைய பட்டியலில் பதினோராவதாக இருந்தவள். எனக்கு முகம்கூட ஞாபகமில்லை.

அவரை உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். நின்றபடியே பார்த்தார்.

"ரெண்டாவதுங்களா?"

"ரெண்டாவது சார்."

"அந்த ஜர்னல் பத்து மார்க்கையும் சேர்த்துப் போட்டுப் பாருங்க."

போட்டேன். கொஞ்சம் ஏறினாள். அப்போதும் இரண்டாவதுதான்.

நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு, "அப்ப என்னால இல்லீங்க" என்றார். இன்னொரு தடவையும் சொன்னார். குரல் உடைந்துபோயிருந்தது.

பத்து வருடமாக மகளுடைய வாழ்க்கையைத் தன் பேனாவால் கெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவர். துறை எவ்வளவுதான் தாராளமாக இருந்திருந்தாலும், ஜர்னலில் கையெழுத்தே போட்டிருந்தாலும், நியாயமாக ஒரு வரிசை போட்டிருந்தால் அந்த இடம் ஜெனிபருக்குத்தான் போயிருக்கும். அன்றைக்கு அவர் கேன்டீனிலிருந்து வடா பாவ் வாங்கிவரச் சொல்லி இரண்டு சாப்பிட்டார். மதியம் பாதி டப்பாவை மூடி வைக்கும் ஆள். பட்டியலில் அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொரு பிரதி எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எடுக்கக் கூடாத பிரதி. நான் பார்க்காதது போல இருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை அவளுக்கு லீவு. அன்னைக்குப் பேசறனுங்க" என்றார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குச் சொல்லிக் காட்டினார். முதலில் முறையை விளக்குவார், பிறகு பட்டியலை அனுப்புவார், பிறகு அவள் கேள்வி கேட்பாள், இவர் பதில் சொல்வார். வகுப்பு எடுக்கிற மாதிரி. மறுநாளும் அதையே சொன்னார். கனகவல்லியும் இனி வந்துவிடுவாள், பால்கனி கதவு சரியாகச் சாத்துவதில்லை, அதைச் சரிசெய்ய ஆள் சொல்லியிருக்கிறேன் என்றார். ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு மனுஷன் வீட்டையே கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு என்னவோ உறுத்தியது. ஆனால் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை என்பதால் வாயைத் திறக்கவில்லை. அது என் தப்பு.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வழக்கம்போல் போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டார்.

"அப்பா, நான் பிரியா."

நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிரிவில் அப்போது வேறு யாரும் இல்லை. நான் எழுந்தேன், அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"சொல்லு கண்ணு."

"பேட்ச் குரூப்ல ஒரு நோட்டீஸ் வந்துச்சு. பத்து வருசம் டெஸ்ட் பண்றாங்கன்னு. எல்லாரும் அதேதான் பேசறாங்க. எங்க பேட்ச்சும் இருக்குல்ல?"

"இருக்குது கண்ணு."

"பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு."

சார் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்து மேஜையில் நீவி வைத்தார். சொல்லத் தொடங்குவதற்காக வாயைத் திறந்தார். அதற்குள் அவள் பேசினாள்.

"அப்பா, என்னை வேலைல இருந்து எடுத்துட்டாங்க. ஜனவரிலயே. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் அம்மாகிட்ட சொன்னேன்."

"கண்ணு..."

"கேளுங்க. இன்டர்வியூக்குப் போறேன்ல, சின்னச் சின்னப் பசங்க உக்காந்து கேள்வி கேக்கறாங்க. அப்புறம் மெயில் வரும், சாரின்னு. ஒவ்வொரு தடவையும் வெளிய வந்து கார்ல உக்காந்து எனக்கு நானே சொல்லிக்குவேன். நான் அந்த வருசம் காலேஜ்லயே ஃபர்ஸ்ட், லிஸ்ட்ல வரல, அவ்ளோதான்னு. பாகல் மாதிரி, பைத்தியம் மாதிரி. பட் அதைச் சொல்லிக்கிட்டாதான் அடுத்த இன்டர்வியூக்கு எழுந்து போக முடியுது."

காகிதத்தின் மேல் சாருடைய விரல் இரண்டாவது வரியில் இருந்தது.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அதனாலதான் உங்களைக் கேக்கறேன். நான் ஃபர்ஸ்ட்தானே?"

விரல் நகர்ந்து முதல் வரிக்குப் போனது.

"ஆமா கண்ணு. நீதான் ஃபர்ஸ்ட்."

புள்ளியியல் படித்த பெண், சும்மா விடுவாளா.

"எவ்வளவு கேப்?"

ஜெனிபரின் ஒன்பது புள்ளி மூன்று ஒன்றையும் மகளின் ஒன்பது புள்ளி ஒன்று பூஜ்யத்தையும் அவர் பார்த்தார்.

"பாயின்ட் ரெண்டு ஒண்ணு."

"பாயின்ட் டூ ஒன்னா?"

"ஆமா."

"செகண்ட் யாரு?"

"அதைச் சொல்லக் கூடாது கண்ணு. ரூல்."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி பேசியபோது குரல் மாறியிருந்தது.

"அப்புறம் ஏன்ப்பா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார், யாரோ எதிரில் நிற்பது போல.

"இவ்வளவு கேப்ல நான் மேல இருந்திருக்கேன். மத்தவங்க மாதிரி நீங்க மார்க் போட்டிருந்தா போதும். ஒரே ஒரு நாள் லேட். அம்மா ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தாங்க. நீங்க என் பக்கத்துல உக்காந்திருந்தீங்க. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் கண்ணு."

"அப்ப என்னோடதை நீங்கதான் எடுத்தீங்க."

"ஆமா சாமி" என்றார். "நான்தான்."

போன் துண்டிக்கப்பட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. முப்பத்து மூன்று வருடம் அரை மார்க்குக்கு உயிரை விட்ட ஆள், செய்யாத தப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"என்னா சார் இது? பட்டியல் கையில இருக்கு. உங்க மேல தப்பில்லன்னு கம்ப்யூட்டரே சொல்லுது. ரெண்டு நாளா அதைத்தானே சொல்லிக்கிட்டு இருந்தீங்க. அவ இனி இந்த ஜென்மத்துல உங்ககிட்ட பேசுவாளா?"

"ரெண்டாவதுன்னு எப்படிங்க சொல்றது?" என்றார். "அவகிட்ட அது ஒண்ணுதானுங்க இருக்குது."

"அப்ப அந்த ஜெனிபரு? அவகிட்ட யாரு சொல்றது?"

டிரஸ்ட் வெளியிடக் கூடாது என்று சொல்லிவிட்டது, நானும் விதிக்குக் கட்டுப்பட்டவள். எங்கோ ஒரு பெண் தான் பதினோராவது என்று நினைத்துக்கொண்டு இருக்கிறாள். அவளுக்கு நியாயம் செய்ய வேண்டிய இரண்டு பேரும் டீ ஆறிப்போக உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவர் காகிதத்தை என்னிடம் நீட்டினார், கிழித்துவிடச் சொல்லி.

"அந்த ஜர்னல்ல கையெழுத்துப் போட்டிருக்கலாமுங்க" என்றார். "ரேங்க்குக்காகச் சொல்லல."

புதிய முறைப்படி இந்த வருடத்து உதவித்தொகை தத்துவம் படிக்கும் ஒரு மாணவிக்குப் போனது. எல்லாத் துறைகளும் எதிர்த்தன, பிறகு ஓய்ந்தன. புள்ளியியல் துறையை ஜூனிலிருந்து கணிதத்தோடு சேர்த்துவிட்டார்கள். மே முப்பத்தொன்றாம் தேதி கந்தசாமி சாருக்கு சால்வை, தேங்காய், பூங்கொத்து எல்லாம் கொடுத்தோம். பேசிய நாலு பேரும் அவருடைய நேர்மையைப் புகழ்ந்தார்கள். சென்னையிலிருந்து யாரும் வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று கனகவல்லி அம்மா காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பென்ஷன் காகிதத்தில் ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. காலை பதினொன்று ஐந்துக்கு அவருக்குப் போன் போட்டேன். லைன் பிஸியாக இருந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி போட்டேன். அப்போதும் பிஸி. இந்த ஆளிடம் இத்தனை நேரம் யார் பேசுகிறார்கள் என்று யோசித்தேன். பதினொன்றரைக்கு அவரே திருப்பிக் கூப்பிட்டார்.

"பிரியா பேசறாளுங்க இப்பவெல்லாம்" என்றார். "வேலை கிடைச்சிருச்சு அவளுக்கு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிடறா."

"அல்ஹம்துலில்லா. என்ன சார் பேசுறா?"

"அந்த வருசத்தைப் பத்தித்தானுங்க. வேற ஒண்ணும் பேசறதில்ல. திட்டறா. நல்லாத் திட்டறா அனீசாம்மா. மொதல்ல அஞ்சு நிமிசம் திட்டுவா, இப்ப அரை மணி நேரம் போகுது."

போனில், அவர் வீட்டில் எங்கோ காற்றில் ஒரு கதவு அடித்துக்கொண்டிருப்பது கேட்டது. கையெழுத்துக்குத் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். போனை வைப்பதற்கு முன்னால், தப்பாக நினைக்காதீர்கள் என்று தயங்கித் தயங்கி, இனிமேல் ஞாயிற்றுக்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.